விரையும் கைகள்

குப்பத்தை அடுத்த சாந்திபுரத்தின் சிறு மளிகைக் கடைகளில், விலை பெரும்பாலும் கடைக்காரரின் நினைவிலேயே இருக்கும். ஜெர்மனியின் மலிவுவிலை அங்காடியாகிய ஆல்டியிலும் ஒரு காலத்தில் அவ்வாறே இருந்தது. காசாளர்கள் நூற்றுக்கணக்கான பொருள்களின் விலையை மனனம் செய்து, கண்ட அளவில் கணக்குப்பொறியில் தட்டினர்.

பொருளுறையிலுள்ள கறுப்புக் கோடுகளைப் பட்டைக்குறியீடு என்பர். 1974 ஜூன் 26 அன்று, அமெரிக்காவின் டிராய் நகரக் கடையொன்றில் சூயிங்கம் பொட்டலத்தின் குறியீட்டைப் பொறி முதன்முதலாகப் படித்தது. ஆல்டியோ அதனை உடனே ஏற்கவில்லை; அதன் காசாளர்களின் விரல்கள் பொறியினும் விரைவானவை! பின்னர் ஏற்றபோது, உறையின் பல பக்கங்களிலும் குறியீட்டை அச்சிட்டது. பொருளைத் திருப்பித் தேடும் நொடியும் மிச்சமாயிற்று.

ஊழியர் சிலரே போதுமாதலால் விலை குறைகிறது. ஆயினும் அவ்விரைவுக்கு ஈடுகொடுக்க வேண்டியவர் வாங்குவோரே. பொருள்களைப் பையில் அடுக்கி முடிப்பதற்குள் தொகை கேட்கப்படும். மூக்குக்கண்ணாடியைத் தேடும் முதியவர், சில்லறையை எண்ணுபவர், அயல்மொழி விலைச்சீட்டைப் படிக்க இயலாதவர் ஆகியோர், பின்னால் நிற்போரின் முணுமுணுப்புக்கு அஞ்சிச் சரிபாராமலே நகர்ந்துவிடுகின்றனர்.

பயிற்சி

1. இந்தியாவில் பதிவுபெற்ற பட்டைக்குறியீடுகள் 890 எனத் தொடங்கும். வீட்டிலுள்ள உறைகளில் தேடுக.

2. வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு விலைச்சீட்டைத் தமிழில் படித்துக் காட்டுக. மொத்தத்தைக் கூட்டிச் சரிபார்க்க.