காம்பாக்ட்டா, பழைய டிஎஸ்எல்ஆரா? ஒரு கல்வெட்டும் ஒரு நாரையும் சொல்லும் கணக்கு

கேமரா வாங்கலாம்னு முடிவு பண்ணிட்டீங்க. பட்ஜெட் ஒண்ணுதான். அதுக்குள்ள ரெண்டு சாய்ஸ் இருக்கு. பேன்ட் பாக்கெட்டில் போகிற காம்பாக்ட் ஒன்று, யாரோ நாலைந்து வருஷம் பயன்படுத்தி விற்கிற பழைய டிஎஸ்எல்ஆர் இன்னொன்று. சீனியரைக் கேட்டால் "டிஎஸ்எல்ஆர்தான் மச்சி" என்பார். வீட்டில் கேட்டால் "ஃபோன்லயே கேமரா இருக்கே" என்பார்கள். ரெண்டு பேருமே நீங்கள் எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்பதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் மீதியை ஒரு தாளில் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம்.

நம்ம ராஜகுளம் பக்கத்திலிருந்து கிளம்பினால் இதற்கு ரெண்டு நல்ல பரீட்சைக் கூடங்கள் கிடைக்கும். ஒன்று உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் கற்சுவர். இன்னொன்று வேடந்தாங்கல் ஏரி; இப்போது அது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கு. கல்வெட்டு கைக்கெட்டும் தூரத்தில் அசையாமல் நிற்கும். நாரை தூரத்தில் இருக்கும், அசையும். இந்த ரெண்டுக்கும் எது சரிப்படும் என்று பார்த்தால், மற்ற எல்லாப் படத்துக்கும் விடை நடுவில் எங்கோ இருக்கும்.

உதாரணத்துக்கு ரெண்டு மாடலை எடுத்துக்குவோம். காம்பாக்ட்டில் கேனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ் 620 ஹெச்எஸ் (2016). டிஎஸ்எல்ஆரில் கேனான் இஓஎஸ் 1200டி (2014), கூடவே வரும் 18-55 மிமீ கிட் லென்ஸோடு. காம்பாக்ட்டின் எடை 182 கிராம். டிஎஸ்எல்ஆர் பாடி மட்டும் 480 கிராம், லென்ஸோடு சேர்த்தால் முக்கால் கிலோவை நெருங்கிவிடும்.

மெகாபிக்சலை முதலில் மறந்துடுங்க. காம்பாக்ட் 20, டிஎஸ்எல்ஆர் 18. ஆனால் ரெண்டு படத்தின் அகலமும் சரியாக 5184 பிக்சல்தான். வித்தியாசம் சென்சாரின் அளவில் இருக்கு. காம்பாக்ட்டின் சென்சார் 6.17 × 4.55 மிமீ, அதாவது சுமார் 28 சதுர மிமீ. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. 1200டி-யின் சென்சார் 22.3 × 14.9 மிமீ, சுமார் 332 சதுர மிமீ. பரப்பளவில் 12 மடங்கு. இந்த 12 எங்கே உதவுது, எங்கே உதவலைன்னு பார்க்கிறதுதான் இந்தக் கட்டுரை.

பரீட்சை 1: கல்வெட்டு

பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், உத்திரமேரூர் சபை தன் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்தது. ஊரை 30 குடும்பாகப் பிரிப்பது, குடவோலை எடுப்பது, 35 வயதுக்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும் என்பது, கணக்குக் காட்டாதவரைச் சேர்க்கக் கூடாது என்பது எல்லாம் அதில் இருக்கு. ஸ்கூல் புத்தகத்தில் படிச்சிருப்பீங்க. நேரில் போய் நண்பகல் நேரம் படம் எடுத்தால் கல் தெரியும், எழுத்து தெரியாது.

கேமரா இதற்குக் காரணமில்லை. எழுத்து தெரிவது அதன் பள்ளத்தில் விழும் நிழலால். 2 மிமீ ஆழமான கோடு ஒன்று இருக்குன்னு வைங்க. சுவரோடு 60 டிகிரி கோணத்தில் வெளிச்சம் வந்தால் நிழல் நீளம் 2 ÷ டேன் 60, அதாவது 1.2 மிமீ. அதே வெளிச்சம் 10 டிகிரியில் சுவரை உரசிக்கொண்டு வந்தால் 2 ÷ டேன் 10, அதாவது 11 மிமீ. கோட்டின் அகலமே அவ்வளவு இருக்காது என்பதால் பள்ளம் முழுக்க இருட்டாகி, எழுத்து கறுப்பு மையில் எழுதினது மாதிரி எழுந்து நிற்கும். தெற்குப் பார்த்த சுவருக்கு மார்கழி, தை மாதக் காலை வெயில் இப்படி வரும். கிழக்குப் பார்த்த சுவருக்குக் காலை 11 மணி வாக்கில் வரும். எந்தச் சுவர் எந்தத் திசை என்று பார்த்து நேரம் குறித்துக்கொண்டு போவது, லென்ஸ் மாற்றுவதைவிடப் பெரிய வித்தியாசம் தரும்.

அப்புறம் பிக்சல் கணக்கு. 1 மீட்டர் அகலக் கல்லை முழுசா எடுத்தால் ரெண்டு கேமராவிலும் மில்லிமீட்டருக்கு 5 பிக்சல். 2 செமீ உயர எழுத்துக்கு 100 பிக்சல். படிக்க இது தாராளம். ஆக, நல்ல வெயிலில் கல்வெட்டுக்கு ரெண்டும் பாஸ்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கு. காம்பாக்ட்டும் ஃபோனும் படத்தை அப்படியே சேமிப்பதில்லை. இரைச்சலை வழித்து, ஓரங்களைக் கூர்மையாக்கித்தான் ஜேபெக் ஆக்கும். முகத்துக்கு அது சரி. கல்வெட்டில், தேய்ந்துபோன மெல்லிய கோட்டையும் அது இரைச்சல் என்று நினைத்து வழித்துவிடலாம். கல்லில் இருக்கும் கீறலைக் கோடாக்கியும் விடலாம். பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள், ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். படிப்பவருக்கு ஏற்கெனவே இவ்வளவு குழப்பம் இருக்கும்போது, கேமராவும் தன் பங்குக்கு ஒரு கோடு சேர்க்கக் கூடாது. சென்சார் பார்த்ததை அப்படியே தரும் 'ரா' கோப்பு 1200டி-யில் உண்டு, எஸ்எக்ஸ் 620-இல் இல்லை. நீங்கள் எடுக்கும் படத்தை நாளைக்கு ஒருவர் படிக்கப் போகிறார் என்றால் இது பெரிய மார்க்.

பரீட்சை 2: நாரை

வேடந்தாங்கலில் கரையில் நின்று பார்க்கிறீர்கள். 50 மீட்டர் தள்ளி மரத்தின் மேல் ஒரு நத்தைகுத்தி நாரை. உயரம் சுமார் 70 செமீ என்று வைத்துக்கொள்வோம்.

கிட் லென்ஸை 55 மிமீக்கு இழுத்தால், 50 மீட்டர் தூரத்தில் படத்துக்குள் வரும் அகலம் 22.3 ÷ 55 × 50, அதாவது சுமார் 20 மீட்டர். அந்த 20 மீட்டருக்கு 5184 பிக்சல். நாரைக்குக் கிடைப்பது சுமார் 180 பிக்சல். படத்தைப் பார்ப்பவர் "எங்கடா நாரை?" என்று கேட்பார்.

காம்பாக்ட்டில் 25 மடங்கு ஸூம் இருக்கு. ஃபுல் ஃப்ரேம் அளவில் சொன்னால் 625 மிமீ. அதே கணக்கில் நாரைக்கு சுமார் 1300 பிக்சல். ஏழு மடங்கு அதிகம்! இங்கேதான் நிறைய பேர் காம்பாக்ட்டை வாங்கிவிடுகிறார்கள்.

கொஞ்சம் நில்லுங்க. முதலாம் ஆண்டு ஃபிசிக்ஸில் டிஃப்ராக்ஷன் படிச்சோம்ல, அது இங்கே வேலை செய்யும். ஒரு புள்ளி வெளிச்சம் சென்சாரில் புள்ளியாக விழாது, சின்ன வட்டமாக விழும். அதன் ஆரம் 1.22 × அலைநீளம் × எஃப் எண். முழு ஸூமில் காம்பாக்ட்டின் எஃப் எண் 6.6. பச்சை ஒளிக்கு 0.55 மைக்ரான் போட்டால் ஆரம் 4.4 மைக்ரான். அந்த கேமராவின் ஒரு பிக்சலோ 1.2 மைக்ரான்தான். அதாவது மூணு நாலு பிக்சல் சேர்ந்து ஒரே விவரத்தைத்தான் சொல்கிறது. 1300 பிக்சலில் உண்மையான விவரம் சுமார் 350 பிக்சல் அளவுதான். 1200டி-யில் எஃப் 5.6-க்கு ஆரம் 3.8 மைக்ரான், பிக்சல் 4.3 மைக்ரான். அங்கே இந்த நஷ்டம் கிட்டத்தட்ட இல்லை.

அப்படிப் பார்த்தாலும் 350, 180-ஐவிட ரெண்டு மடங்கு. கிட் லென்ஸ் மட்டும் வைத்திருக்கும் டிஎஸ்எல்ஆரைக் காம்பாக்ட் பறவை விஷயத்தில் ஜெயித்துவிடும். ஆனால் அதே பாடியில் 55-250 மிமீ லென்ஸ் மாட்டினால் நாரைக்கு சுமார் 810 பிக்சல், அதுவும் பெரும்பாலும் உண்மையான விவரம். வரிசை இப்படி வருது: கிட் லென்ஸ், அதுக்கு மேல காம்பாக்ட், அதுக்கும் மேல 55-250. எனவே "டிஎஸ்எல்ஆர் நல்லதா?" என்ற கேள்விக்கே அர்த்தமில்லை. எந்த லென்ஸோடு என்று கேட்கணும். பட்ஜெட்டில் ரெண்டாவது லென்ஸுக்கு இடமில்லை, ஆசை பறவை மேல என்றால், தயங்காமல் காம்பாக்ட்.

பரீட்சை 3: வெளிச்சம் குறைந்தால்

சாயங்காலம் பறவைகள் திரும்பும் நேரம், அல்லது கோயில் மண்டபத்தின் உள்பக்கம். இங்கேதான் அந்த 12 மடங்கு பேசும். எஃப் எண் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், சேரும் மொத்த வெளிச்சம் சென்சார் பரப்போடு சேர்ந்து கூடும். 12 மடங்கு என்றால் மூன்றரை ஸ்டாப். இதில் 50 மிமீ எஃப் 1.8 லென்ஸ் மாட்டினால், காம்பாக்ட்டின் எஃப் 3.2-ஐவிட இன்னும் மூன்று மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். பழைய சென்சார்களின் திறன் கொஞ்சம் குறைவு, அதனால் லாபம் முழுசா கைக்கு வராது. பாதி வந்தாலும் படம் ஆடாமல் வருவதற்கும் ஆடிப்போவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

டிரைபாட் வைத்தால் போச்சு என்பீங்க. தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்களில் டிரைபாட் வைக்க முன் அனுமதி வேணும். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலும் அதில் சேர்த்தி. கையில் பிடித்து எடுப்பதாகவே கணக்குப் போடுங்கள்.

பழசு வாங்கும்போது

இதை ஒரு செக்லிஸ்ட்டாகவே வைத்துக்கொள்ளலாம்.

லென்ஸின் ஒரு பக்கம் ஃபோன் டார்ச்சை அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்திவலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை. நம்ம ஊர் ஈரப்பதத்துக்கு அது சகஜம். வேண்டாம்.

எஃப் 16 வைத்து வானத்தைப் படம் எடுங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. டிஎஸ்எல்ஆரில் அதைத் துடைக்கலாம். காம்பாக்ட்டில் தூசி உள்ளே போனால் கேமராவைப் பிரித்தாகணும்; நீட்டி மடங்கும் லென்ஸ் சிக்கிக்கொண்டாலும் அதே கதை. பழைய காம்பாக்ட் வாங்குவது பழைய டிஎஸ்எல்ஆர் வாங்குவதைவிட ரிஸ்க்.

ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கு என்று பாருங்கள். நிக்கானில் படக் கோப்பிலேயே அந்த எண் பதிவாகும். நிக்கான் டி3200 மாதிரி தொடக்க நிலை பாடிகளின் ஷட்டர் 1,00,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது.

நிக்கான் டி3100, டி3200 பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கும் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் அவற்றில் மாட்டும், ஆனால் ஆட்டோஃபோகஸ் ஆகாது. டி90 பாடியில் மோட்டார் இருக்கு.

வாங்கிய பிறகு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

அப்போ எது?

பெரிய கேமரா, சின்ன கேமரா என்ற சண்டை புதுசு இல்லை. 1858-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டைப் படம் எடுத்தார். ஒரே படத்தில் அடங்காது என்று 21 படங்களை ஒட்டினார். மொத்த நீளம் 19 அடிக்கும் மேல். நீங்களும் அப்படிச் செய்யலாம். சுவருக்கு நேராக நின்று, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொடுகிற மாதிரி நகர்ந்துகொண்டே எடுங்கள். ஓரத்தில் ஒரு ஸ்கேல் தெரியட்டும். எழுத்து தெரியலைன்னு சாக்பீஸ் தேய்க்காதீங்க, எண்ணெய் தடவாதீங்க. கல்வெட்டுக்கு அது கெடுதல். நம்ம காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணனோ வெவ்வேறு கேமரா, லென்ஸ் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒன்றை அமைத்து, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பேர் வைத்தார். ரெண்டு பேரும் முதலில் பார்த்தது தங்கள் வேலையைத்தான்.

என் கணக்குப்படி முடிவு இது. கல்வெட்டு, சிற்பம், மண்டபம், மனிதர்கள் என்றால் பழைய டிஎஸ்எல்ஆர். காசு மிஞ்சினால் 50 மிமீ லென்ஸ். பறவை மட்டும், ரெண்டாவது லென்ஸுக்கு வழியில்லை என்றால் ஸூம் காம்பாக்ட். பறவையும் வேணும், 55-250-க்கும் காசு இருக்கு என்றால் டிஎஸ்எல்ஆர். முக்கால் கிலோவைத் தினமும் தூக்க மாட்டேன் என்று உங்களுக்கே தெரிந்தால், மற்ற மார்க் எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் காம்பாக்ட் வாங்குங்கள். ரூமில் பெட்டிக்குள் தூங்கும் கேமராவுக்குச் சென்சார் எவ்வளவு பெரிதாக இருந்து என்ன?

கடைசிக் காரணத்தை நான் சும்மா சொல்லவில்லை. உத்திரமேரூர் கல்வெட்டு எத்தனையோ தடவை படியெடுக்கப்பட்டுவிட்டது, அதற்குப் பயமில்லை. ஆனால் சின்ன ஊர்க் கோயில்களின் கதை வேறு. திருப்பணி என்ற பேரில் கல்வெட்டு மேல் சுண்ணாம்பும் பெயின்ட்டும் ஏறியிருக்கு. மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்ததில் எழுத்து தேய்ந்த கோயில்களும் தமிழ்நாட்டில் உண்டு. அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் ஊர்க் கோயில் அதிட்டானத்தைக் குனிந்து பாருங்கள். எழுத்து தெரிந்தால், அன்று கையில் இருக்கும் கேமரா எதுவோ அதில், வெயில் சாயும் நேரம் பார்த்து, ஸ்கேல் வைத்து எடுத்து, ஊர் பேரும் தேதியும் எழுதி ரெண்டு இடத்தில் சேமியுங்கள். அடுத்த கும்பாபிஷேகத்துக்கு அப்புறம் அந்த வரிக்கு உங்கள் படம் மட்டுமே சாட்சியாக இருக்கலாம்.