இரு முனையும் ஒருவர் அறியாமல்: ஓர் இளம் வலையமைப்புப் பொறியாளருக்குக் கடிதம்



சுந்தரபாண்டியத்திலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. கம்பெனி வேலையோடுகூட, பத்திரிகைக்காரர்களுக்கும் தொழிற்சங்கத்தாருக்கும் மனித உரிமை ஊழியர்களுக்கும் செய்திப் போக்குவரத்தைப் பாதுகாத்துக் கொடுக்கும் பணியிலும் இறங்கப் போவதாகவும், அவர்களுள் சிலர் யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் என்றும் தெரிவித்திருக்கிறாய். செய்தியைப் பூட்டி அனுப்பும் செயலிகள் எல்லார் கையிலும் வந்துவிட்டபடியால் முக்கால் வேலை முடிந்துவிட்டது என்று நீ கருதுவது உன் எழுத்தில் தெரிகிறது. அந்த எண்ணத்தைப் பற்றித்தான் இவ்வளவு நீளமாக எழுத நேர்கிறது.

தானியங்கி முறை வருவதற்கு முன் நான் தொலைபேசி நிலையத்தின் டிரங்க் போர்டில் வேலை பார்த்தவன் என்பதை நீ அறிவாய். ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு சீட்டு எழுதுவோம்: கேட்டவர் எண், கேட்கப்பட்ட ஊரும் எண்ணும், சாதாரணமா அர்ஜெண்டா, பி.பி. காலானால் யார் பெயருக்கு, தொடங்கிய நேரம், முடிந்த நேரம். பில் போடுவதற்காக ஏற்பட்ட அந்தச் சீட்டில் பேச்சின் ஒரு சொல்லும் இராது. ஆயினும், பஞ்சு விலை ஏறி இறங்குகிற நாட்களில் எந்த மில்காரர் பம்பாய்க்கு அர்ஜெண்ட் போடுகிறார், அது முடிந்த கையோடு கோயம்புத்தூருக்கு எத்தனை நிமிஷம் பேசுகிறார், மறுநாள் காலையில் எந்தத் தரகரை அழைக்கிறார் என்பதைச் சீட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்க்கிற எவனும், காதில் கருவியை மாட்டாமலே, அவருடைய வியாபார அந்தரங்கம் முழுவதையும் அனுமானித்துவிடலாம். பேச்சைக் கேட்பவன் பொய்யையும் மெய்யையும் சேர்த்துக் கேட்கிறான். சீட்டைப் படிப்பவனுக்கோ மனிதர்கள் செய்தது மட்டுமே தெரிகிறது.

இன்று அந்தச் சீட்டு சி.டி.ஆர். என்ற பெயரில் இயந்திரத்தால் எழுதப்படுகிறது. அதில் இரு தரப்பு எண்களும் நேரமும் விநாடிக் கணக்கும் மாத்திரமின்றி, கைபேசிக் கருவியின் ஐ.எம்.இ.ஐ. எண்ணும், பேச்சு தொடங்கிய கோபுரமும் முடிந்த கோபுரமும் பதிவாகின்றன. 2021 டிசம்பரில் தொலைத்தொடர்பு உரிம நிபந்தனைகள் திருத்தப்பட்ட பிறகு, இவற்றையும் இணையத் தொடர்புப் பதிவுகளையும் இரண்டாண்டுகளேனும் பாதுகாத்து வைக்க வேண்டும். 2022 ஏப்ரல் 28-இல் வெளியான, அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் உத்தரவு, வி.பி.என். சேவை தருவோர் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, அவருக்கு ஒதுக்கிய ஐ.பி. எண் ஆகியவற்றை ஐந்தாண்டுக் காலம் வைத்திருக்க வேண்டுமென்று விதித்தபோது, சில நிறுவனங்கள் இந்நாட்டிலிருந்த சர்வர்களையே அகற்றிக்கொண்டன. பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று சொல்வாரும் உண்டு. ஆனால், ஏறத்தாழ 15 லட்சம் பேரின் கைபேசிப் பதிவுகளை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வொன்று, இடமும் நேரமும் சேர்ந்த நான்கே குறிப்புகள் கிடைத்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரைத் தனித்து அறிந்துவிடலாம் என்று காட்டிற்று.

இது புதிய விஷயமும் அன்று. 1911 ஜூன் 17-இல் மணியாச்சி நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டு, சுட்ட வாஞ்சிநாதனும் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு, முதலில் வாய் திறந்து சொல்ல ஆளில்லாத அந்த வழக்கில் போலீசாருக்கு வழி திறந்தவை, நம் ராஜபாளையம் வழியாகத் தெற்கே போகும் சாலையிலுள்ள செங்கோட்டையில், அவர் வீட்டுச் சோதனையில் அகப்பட்ட கடிதங்கள். ஒரு பெயர் இன்னொரு பெயருக்கு இட்டுச் செல்ல, 14 பேர் சென்னையில் விசாரணைக்கு நிறுத்தப்பட்டார்கள். அச்செயலின் நியாய அநியாயம் வேறு விசாரணை. யார் யாருக்கு எழுதினார் என்பது தெரிந்தவுடனே மௌனமாயிருந்த ஒரு கூட்டம் முழுவதும் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது என்பதே உனக்கு வேண்டிய பாடம்.

நீ உதவப் போகிறவர்களுள் யாழ்ப்பாணத்தார் நிலைமை நம்முடையதைக் காட்டிலும் எவ்வளவோ கடுமையானது. 2000 அக்டோபர் 19-ஆம் தேதி இரவு, ஊரடங்கு அமலில் இருந்த வேளையில், பத்திரிகையாளர் மயில்வாகனம் நிமலராஜன் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 2005 ஏப்ரலில் பத்திரிகையாளர் தர்மரத்தினம் சிவராம் கொழும்பில் கடத்தப்பட்டு மறுநாள் பிணமாகக் கிடந்தார். 2007 ஜூனில் தமிழ்நெட் செய்தித் தளம் இலங்கையில் முடக்கப்பட்டது. அத்தகைய மண்ணில் ஒரு நிருபருக்குச் செய்தி சொன்னவர் யார் என்று அறிய விரும்புகிறவனுக்குச் செய்தி என்ன என்பது அவசியமே இல்லை. அது மறுநாள் பத்திரிகையில் வரத்தானே போகிறது. அவனுக்கு வேண்டியது, முந்திய இரவு அந்த நிருபரோடு தொடர்புகொண்டவர் இன்னார் என்ற ஒரே வரிதான்.

அந்த வரி எழுதப்படாமலே போவதற்கு உபாயம் தேடியவர்களுள் கணினி அறிஞர் டேவிட் சௌம் முன்னோடி. பலருடைய அஞ்சல்களைத் திரட்டி, வந்த வரிசை தெரியாமல் கலக்கி அனுப்பும் நிலையங்களை அவர் 1981-இல் வகுத்துரைத்தார். அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக் கூடத்தார் 1990-களின் நடுவில் விரைந்த இணைப்புகளுக்கு ஏற்ற வேறொரு முறையைக் கண்டார்கள். அதன் வழிவந்த டோர் வலை 2002-இல் இயங்கத் தொடங்கியது. அதில் உன் கணினி மூன்று நிலையங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றோடும் தனித்தனிச் சாவி பேசிக்கொண்டு, செய்தியை மூன்று அடுக்காகப் பூட்டி அனுப்புகிறது. முதல் நிலையத்துக்கு உன்னைத் தெரியும், நீ போகுமிடம் தெரியாது. கடைசி நிலையத்துக்குப் போகுமிடம் தெரியும், உன்னைத் தெரியாது. நடுவிலிருப்பதற்கு இரண்டும் தெரியாது. இரு முனையும் சேர்ந்து ஒருவர் கையில் அகப்படாதபடி செய்வதுதான் இந்த வித்தையின் சாரம்.

ஆனால் அதன் எல்லையை அதை அமைத்தவர்களே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள்: நுழைவாயிலையும் வெளிவாயிலையும் ஒரே சமயத்தில் கவனிக்க வல்லவன், நேரத்தையும் அளவையும் ஒப்பிட்டு இரண்டையும் இணைத்துவிடுவான். அதைவிட நமக்கு நெருங்கிய அபாயம் ஒன்றுண்டு. 2013 டிசம்பரில் ஹார்வர்டு மாணவன் ஒருவன் பொய்யான வெடிகுண்டு மிரட்டலை டோர் வழியாக அனுப்பினான். டோரை எவரும் உடைக்கவில்லை. அந்த நேரத்தில் பல்கலைக்கழக வலையிலிருந்து டோருக்குள் போனவர் யார் என்று பார்த்தார்கள், கேட்டார்கள், ஒப்புக்கொண்டான். அவன் செய்தது குற்றம், பிடிபட்டதும் நியாயமே. ஆனால் அதே கணக்கு, நிருபருக்குச் செய்தி சொல்லும் நிரபராதியான ஒரு பட்டாசுத் தொழிலாளிக்கும் பொருந்தும். ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போது ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் ஒருவன் முகத்தை மூடிக்கொண்டு போனால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நள்ளிரவில் சுந்தரபாண்டியத்துத் தெருவில் அப்படிப் போனால் ஊரே பார்க்கும். ஆகவே, டோருக்குப் போவதே வெளியே தெரியாதபடி, வீடியோ அழைப்பைப் போலத் தோற்றமளிக்கும் ஸ்னோஃபிளேக் முதலிய பாலங்களைப் பயன்படுத்த, நீ உதவுகிறவர்களைப் பழக்கு. அதனினும் மேலாக, ஆபத்து நேராத சாதாரண நாட்களிலும், சாதாரண வேலைகளுக்கும், பலரும் அவ்வழியே போகும்படி செய். கூட்டம் பெருகினாலொழிய இந்தச் சாதனத்தால் பிரயோஜனம் சிறிதே. கைபேசிக்குள்ளேயே பெகாசஸ் போன்ற உளவுநிரல் புகுந்துவிட்டால் வழிப்பாதையின் பாதுகாப்பு எதுவும் உதவாது என்பதையும் அவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடு.

இனி, உன்னைக் குறித்தே ஒரு வார்த்தை. யாருக்கு எந்தச் செயலியை அமைத்துக் கொடுத்தாய், யார் யாரோடு பேச விரும்பினார், எவருடைய எண் மாறிற்று என்பதையெல்லாம், ஒழுங்கு விரும்பும் உன் சுபாவத்தால், ஒரு பட்டியலாக எழுதி வைத்துக்கொள்ள உனக்கு ஆசை வரும். நன்றாக வேலை செய்கிறவர்களுக்கே அந்த ஆசை வருகிறது. அந்தப் பட்டியல் உண்டான கணத்தில், மூன்று நிலையங்களும் சிரமப்பட்டுப் பிரித்து வைத்த இரு முனைகளும் உன் மேஜைமேல் ஒன்றுசேர்ந்துவிடும். 2016-இல் அமெரிக்காவில் கிராண்ட் ஜூரி அழைப்பாணை ஒன்றின்படி சிக்னல் செயலி நிறுவனத்தாரிடம் விவரம் கேட்கப்பட்டபோது, கணக்குத் தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் தவிர அவர்களிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. சட்டத்தை அவர்கள் மீறவில்லை; வைத்திருந்ததைக் கொடுத்தார்கள்; வைத்திருந்ததே அவ்வளவுதான். அந்த வழியை நீயும் கைக்கொள்ள வேண்டுமென்பது என் விருப்பம்.

யாழ்ப்பாணத்து நண்பர்களுக்காக வாடகைக்கு எடுத்திருக்கும் சர்வரில் பழைய இயல்பான அமைப்புகளே இருப்பதாக எழுதியிருந்தாய். அவர்கள் ஒருவரையும் அதில் சேர்ப்பதற்கு முன், அது என்னென்ன பதிவு செய்கிறது என்று கோப்புக் கோப்பாகத் திறந்து பார், வந்தவரின் ஐ.பி. எண்ணும் நேரமும் எங்கெங்கே விழுகின்றன, காப்புப் பிரதி எந்த நாட்டில் போய்ச் சேருகிறது, வாடகைப் பணம் யார் பெயரில் கட்டப்படுகிறது என்பவற்றைக் கண்டறிந்து, அவசியமில்லாத பதிவுகளை நிறுத்திய பிறகு எனக்கு எழுது.