மங்கலாகத் தெரியட்டும்

அன்புள்ள கவினுக்கு,

"பாப்பா என்னைப் பார்த்துச் சிரிக்கவே மாட்டேங்குறா மாமா" என்று குறைப்பட்டிருந்தாய். மூன்று வாரக் குழந்தையடா. ஒரு சாணுக்கு அப்பால் அவளுக்கு எல்லாம் கலங்கல்தான். அந்தக் கலங்கல் அவளுக்கு நன்மையே செய்கிறது என்று நம்ப இப்போது நல்ல காரணம் இருக்கிறது.

அதைப் புரிந்துகொள்ள மூளையிலிருந்து தொடங்குவோம். மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். சேர்ந்து இயங்கும் அணுக்களின் இணைப்பு வலுக்கும் என்று 1949-இல் கனடாவின் டொனால்டு ஹெப் எழுதினார். முடிச்சூர் ஏரிக்கரையில் ஆட்கள் நடந்து நடந்து ஒற்றையடிப் பாதை விழுகிறதே, அப்படி. மூளையைப் பார்த்துக் கணினியில் அமைக்கும் நரம்பு வலையில் ஒவ்வோர் இணைப்பும் ஓர் எண். முகப் படத்தைக் காட்டி 'யார் இது?' என்று கேட்பார்கள். விடை தப்பினால் எண்கள் இம்மியளவு மாறும். ஆயிரமாயிரம் படங்களுக்குப் பிறகு விடை சரியாக வரும்.

இனிப் பார்வைக்கு வருவோம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருக்கும் பவன் சின்ஹா, பிறவிக் கண்புரையால் பார்வையின்றி வளர்ந்த நம் நாட்டுப் பிள்ளைகளுக்காக 'பிரகாஷ்' திட்டத்தைத் தொடங்கினார். அறுவை சிகிச்சைக்குப் பின் அவர்கள் எவ்வளவோ கற்றார்கள். ஆனால் முகங்களைப் பிரித்தறிவது பலருக்குக் கடினமாகவே இருந்தது. கைக்குழந்தையின் பார்வை மெல்ல மெல்லத் தெளியும். இவர்களுக்கோ கண் முதிர்ந்தபின் ஒளி வந்தது. தொடக்க மங்கல் வாய்க்காததுதான் காரணமா?

இதைக் குழந்தைகளிடம் சோதிக்கக் கூடாது. வலையில் சோதிக்கலாம். 2018-இல் சின்ஹாவின் குழு அதைச் செய்தது. முதலில் மங்கலான முகங்கள், பிறகு தெளிவானவை என்று பழகிய வலை இரண்டு வகைப் படத்திலும் ஆளைக் கண்டுகொண்டது. தெளிவான படங்களிலேயே பழகியது, படம் கலங்கியதும் தடுமாறியது. மங்கலில் புருவமும் மூக்கு நுனியும் தனித்தனியே தெரியாது. முகத்தின் மொத்த அமைப்பைப் பிடித்தால்தான் வழி. முதல் வலைக்குள் அகன்ற பரப்பைச் சேர்த்துப் பார்க்கும் அலகுகள் உருவாகியிருந்தன. எனக்கு இந்த ஆய்வில் பிடித்த இடம் இதுதான்.

ஒன்றை மறக்காதே. வலைக்கு ஒவ்வொரு படத்துக்கும் பெயர் சொல்லித் தருகிறோம். பாப்பாவுக்கு யாரும் அப்படிச் சொல்வதில்லை. மூளை அதே முறையில் கற்கிறது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

மூளை உருவாகும் வேலை கருவிலேயே தொடங்கிவிடுகிறது. தாம்பரத்தில் ரயிலேறிக் கிண்டியில் இறங்கினால் பக்கத்திலேயே ஐ.ஐ.டி. அங்குள்ள மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்ற கரு மூளை வரைபடத்தை வெளியிட்டது. 5,132 மூளைச் சீவல்களின் படங்கள் அதில் உள்ளன. இணையத்தில் எல்லோரும் பார்க்கலாம். கண் திறக்கும் முன்பே பார்வைக்கான பகுதி எவ்வளவு தூரம் உருவாகியிருக்கிறது என்று அதில் தேடிப் பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா