மோட்டார் வண்டியின் பிணியறியும் கம்பி

செங்கற்பட்டு மாவட்டத்து மறைமலைநகரில் உள்ள ஃபோர்டு தொழிற்சாலையினின்று 1999-ஆம் ஆண்டில் ஐக்கான் வண்டியும், 2013-இல் ஈக்கோஸ்போர்ட் வண்டியும் வெளிவந்தன. 2021 செப்டம்பரில் அக்கம்பெனியார் இந்நாட்டில் வண்டி செய்தலை நிறுத்துவதாக அறிவித்தனர். 2022 ஜூலையில் கடைசி ஈக்கோஸ்போர்ட் வெளியேறிற்று. ஆலையில் வேலை நின்றதேயன்றி வண்டிகள் நின்றில. மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் அவற்றை இன்றும் காண்கிறோம். ஆதலின் வண்டியின் பிணியை உடைமையாளர் தாமே ஒருவாறு அறியும் வழியை ஈண்டு ஆராய்வாம்.

இக்காலத்து வண்டியினுள் சிறு கணிப்பொறிகள் பல உள. அவை குறை காணின் ஒரு குறியெண்ணை நினைவிற் பதித்துவைக்கும். அதனைப் படித்தற்பொருட்டுச் சுக்கானின் கீழே பதினாறு முனைகளையுடைய ஒரு செருகுவாய் அமைந்துளது. 4, 5 ஆகியவை எர்த்து. 16 பாட்டரி மின்சாரம். 6-உம் 14-உம் செய்தி செல்லும் விரைவு வழி. ஃபோர்டு வண்டிகளிலோ 3, 11 ஆகிய முனைகளில் மற்றொரு மெதுவழியும் உண்டு. முன்னது நொடிக்கு 5,00,000 பிட்டுகளும், பின்னது 1,25,000 பிட்டுகளும் செலுத்தும்.

கனடா நாட்டு எல்ம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியார் 'எல்ம்327' என்னும் சில்லைச் செய்தனர். அதன் முதற்பதிப்பில் நகலெடுத்தலைத் தடுக்கும் காப்பு இன்மையால் போலிகள் உலகெங்கும் மலிந்தன. அங்காடியில் குறைந்த விலைக்குக் கிடைப்பன பெரும்பாலும் அவையே. குறியெண் படித்தற்கு அவை போதும் என்பதே எம் கருத்து. ஆயின் இருவழிகளையும் மாற்றும் சுவிட்சு உள்ளதா என்று கேட்டு வாங்குக. இன்றேல் மெதுவழியிலுள்ள கணிப்பொறிகள் வாய் திறவா. வாங்கியவர் கம்பியே கெட்டதென மயங்குவர்.

விண்டோஸ் கணினியில் கம்பிக்குரிய டிரைவரை முதலிலும், 'ஃபோர்ஸ்கேன்' மென்பொருளைப் பின்னரும் நிறுவுக. டிவைஸ் மேனேஜரில் தோன்றும் காம் போர்ட் எண்ணை மென்பொருளில் கொடுக்க. சாவியைத் திருப்பி, எஞ்சினை ஓட்டாது இணைக்க. மென்பொருள் கேட்கும்பொழுது மட்டும் சுவிட்சை மாற்றுக.

குறியெண் ஒரு சாட்சியேயன்றித் தீர்ப்பு அன்று. பி0301 என்பது முதல் சிலிண்டரில் எரிதல் தவறிற்று என்னுமேயன்றி, கெட்டது பிளக்கோ, காயிலோ, இன்ஜெக்டரோ எனக் கூறாது. கடலோரத்தில் இவ்வெச்சரிக்கை இரட்டிப்பாய் வேண்டும். உப்புக்காற்றால் செப்பு முனைகளிற் பச்சைக் களிம்பு ஏறும். ஓர் எர்த்து தளரின் பல கணிப்பொறிகள் ஒருங்கே முறையிடும். அவற்றையெல்லாம் விலைகொடுத்து மாற்றப் புகுவது வீண். பாட்டரியைக் கழற்றிவிட்டு, 6-க்கும் 14-க்கும் இடையே மல்டிமீட்டரால் அளக்க. வழியின் இருகோடியிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று உள்ளமையின் ஏறத்தாழ 60 காட்டல் வேண்டும். 120 காட்டின் ஒரு கோடிக்குச் செல்லும் தொடர்பு அற்றதென்க.

படித்தல் வேறு, எழுதுதல் வேறு. கணிப்பொறியின் அமைப்பை மாற்றி எழுதுங்கால் மலிவுக் கம்பி இடையில் அறுமாயின் வண்டி கிளம்பாது நின்றுவிடலும் கூடும். எழுதத் துணிவோர் நம்பகமான கம்பியை வாங்கி, பழைய அமைப்பைக் கோப்பாகச் சேமித்து, பாட்டரிக்குச் சார்ஜரும் இணைத்துக்கொள்க. காற்றுப்பை, பிரேக்கு ஆகியவற்றின் கணிப்பொறிகளைப் பயிற்சியுடையார்க்கே விடுக.

குறியெண்களை அழிக்குமுன் அவற்றையும், உடன் பதிந்த வேகம், வெப்பம் முதலிய அளவுகளையும் ஏட்டிற் குறித்துவைக்க. அழித்தபின் மெக்கானிக்கிடம் காட்டுதற்கு ஒன்றும் இராது.