மல்பெரி போன்சாய்: கவாத்தும் காயமும்

கர்நாடக மாநிலம் ராமநகரத்தில் பணியாற்றிய காலத்தில், பட்டு விவசாயி ஒருவர் தம் பழைய மல்பெரித் தோட்டத்தை அழித்து மறுநடவு செய்தார். விறகுக்கென ஒதுக்கிய அடிக்கட்டை ஒன்றை அவரிடம் கேட்டு வாங்கித் தொட்டியில் வைத்தேன். இரண்டு ஆண்டுகளில் அது செழித்து வளர்ந்தது. போன்சாய் வடிவம் கொடுக்கும் ஆசையில், அடைமழைக் காலத்தில், கட்டைவிரலினும் பருத்த கிளையொன்றைத் தண்டோடு ஒட்ட அறுத்தேன். மறு ஆண்டில் வெட்டுவாயைச் சுற்றி மரம் உளுத்திருந்தது. தண்டின் ஒரு பக்கம் பட்டுப்போயிற்று.

பட்டுத் தோட்டத்தில் ஆண்டுக்குப் பலமுறை வெட்டுண்டும் தழைக்கும் மரம், தொட்டியில் ஒரே வெட்டுக்கு ஏன் தளர்ந்தது? விவசாயி வெட்டுவது இளங்கிளைகளை. அங்கே வேர் தடையின்றி ஓடுகிறது. நான் வெட்டியதோ முதிர்ந்த கிளை. வேரோ தொட்டிக்குள் அடங்கியது.

மரம் காயத்தை எதிர்கொள்ளும் விதம்

நம் தோலைப் போல மரத்தின் காயம் ஆறுவதில்லை. ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்து ஆராய்ந்த அமெரிக்க வனத்துறை அறிஞர் அலெக்ஸ் ஷைகோ இதனை 1970களில் விளக்கினார். மரம், பழுதுற்ற பகுதியைச் சுற்றி அரண் எழுப்பி அதனைத் தனிமைப்படுத்துகிறது. பின்னர் பட்டைக்கு அடியிலுள்ள கேம்பியம் என்னும் வளர்படலம் விளிம்பிலிருந்து திரண்டு வெட்டுவாயை மூடுகிறது. பழைய காயம் உள்ளேயே தங்கிவிடுகிறது. வெட்டுவாய் பெரிதானால் மூடுவதற்குள் ஈரமும் பூஞ்சையும் புகுந்துவிடும்.

செய்முறை

1. வேண்டாத தளிரைப் பச்சையாக இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள். முதல் தவணை தவறியதுமே வந்து பேசுங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் நாள்தோறும் சொல்பவன் நான். என் தொட்டியில் அதனை மறந்தேன்.

2. பருத்த கிளையை நீக்க நேர்ந்தால், மழையற்ற நாளில், புதுத்துளிர் விடுவதற்குச் சற்று முன் வெட்டுங்கள். 2 அல்லது 3 செ.மீ. குச்சியை விட்டுவையுங்கள். மல்பெரிக் கிளை வெட்டிய இடத்திலிருந்து பின்னோக்கிக் காயும் இயல்புடையது. அந்தக் காய்ச்சல் தண்டை எட்டாமல் இக்குச்சி காக்கும்.

3. சில மாதங்களில் காய்ந்த எல்லை தெளிவாகும். அப்போது குச்சியை நீக்கி, விளிம்பைக் கூரிய கத்தியால் மழுமழுவெனச் சீவுங்கள்.

4. மயில்துத்தம் 10 கிராம், சுண்ணாம்பு 10 கிராம், நீர் 100 மி.லி. என்ற அளவில், உலோகமல்லாத கலத்தில் போர்டோ பசை தயாரித்துப் பூசுங்கள். இது பூஞ்சையைத் தடுக்க உதவும். காயத்தை விரைந்து மூடாது.

5. காயத்திற்கு மேலே ஒரு துளிரை ஒரு பருவம் வெட்டாமல் ஓடவிடுங்கள். அதன் இலைகள் ஆக்கும் உணவு கீழிறங்கும் வழியில் வெட்டுவாய் விரைந்து திரளும்.

6. தண்டின் பருமனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிய காயத்தை மூட முயல வேண்டாம். உளுத்ததைச் சுரண்டி, நீர் தேங்காத பொந்தாகச் செதுக்கிவிடலாம்.

என் மரத்திற்கும் இறுதியில் பொந்துதான் செதுக்கினேன். அதன் இரு விளிம்பிலும் இப்போது புதுப்பட்டை சுருண்டு நிற்கிறது, பழமும் பழுக்கிறது. கவாத்தில் கிடைக்கும் பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சிகளை எறிந்துவிடாதீர்கள். மூன்று நான்கு கணுக்கள் உள்ளவை ஈரமண்ணில் எளிதில் வேர்பிடிக்கும். அவ்வாறு வந்த கன்றுகளைத் தொடக்கம் முதலே கிள்ளி வளர்த்து வருகிறேன். அவற்றில் இதுவரை ரம்பத்திற்கு வேலை வரவில்லை.