இறங்கும்போதுதான் தொடை பிடிக்கும்

கீழக்குயில்குடி சமணர் மலையில் பேச்சிப்பள்ளத்துச் சிற்பங்கள் வரை ஏறினால் மூச்சுதான் வாங்கும். மறுநாள் தொடை பிடித்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் காரணம் இறக்கம். உடம்பு முன்னால் சாய்ந்து விழாதபடி முன்தொடைச் சதை ஒவ்வொரு படியிலும் நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. சதை இழைகள் நுண்ணிதாகச் சேதப்படுவது அப்போதுதான். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் தொடங்கி இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். மாடிப்படியில் கைப்பிடியைத் தேடுவோமே, அந்த வலி.

இதற்கு எங்கள் வீட்டில் உப்பு ஒத்தடம். கல் உப்பை எண்ணெய் விடாத இரும்புச் சட்டியில் படபடவென வெடிக்கும்வரை வறுத்து, பழைய வேட்டித் துணியில் இரண்டு மடிப்பாக முடிய வேண்டும். அப்பத்தா வாய்க்கால் கரை நொச்சி இலையும் ஒரு கைப்பிடி சேர்ப்பார். அந்த வாசனைக்கே பாதி வலி போன மாதிரி இருக்கும். “மொதல்ல முழங்கை உள்பக்கம் வச்சுப் பாருடா, அது பொறுத்தாத்தான் தொடைக்கு” என்பார். ஒரே இடத்தில் அழுத்தாமல் எடுத்து எடுத்து வைக்க வேண்டும். 15, 20 நிமிடம் போதும்.

சூட்டில் ரத்த ஓட்டம் கூடும், விறைப்பு தளரும். சேதப்பட்ட இழையை ஒத்தடம் ஒட்டவைக்காது. அதை உடம்பே சில நாளில் பார்த்துக்கொள்ளும். விறைப்பு விட்ட கையோடு தெருக்கோடி வரை மெதுவாக நடந்து வருவேன். ஒத்தடம் கொடுத்ததும் படுத்துவிட்டால் எழும்போது பழைய கதைதான்.

கணுக்கால் பிசகினால் இது ஆகாது. மலையிலிருந்து நொண்டி இறங்கிய நண்பன், “மாப்ளே, வீட்ல உப்பு வறுக்கச் சொல்லு” என்றான். புது வீக்கத்தில் சூடு வைத்தால் இன்னும் வீங்கும். முதல் இரண்டு நாளைக்குத் துணியில் சுற்றிய ஐஸ்தான் என்று தடுத்துவிட்டேன். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களும் சூட்டைத் தொடவே வேண்டாம். சுட்டது தெரியாது, கொப்புளம்தான் தெரியும்.

ஒத்தடத்துக்குப் பதில் வெந்நீர்க் குளியல் என்றாலும் கவனம் வேண்டும். சித்திரையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே நமக்கு வெந்நீர். ஓடி வியர்த்த உடம்போடு அதில் குளித்தால் தலை சுற்றும். முதலில் மோரோ நீராகாரமோ குடித்து உடம்பு ஆறட்டும். கடும் பயிற்சிக்குப் பின் வலி தாங்கமுடியாமல், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் சட்டியை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருக்க நேரமில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.