உடல் தானாக அசைகிறதா? கிருமித்தொற்றும் காரணமாக இருக்கலாம்

கை துள்ளுகிறது, முகம் சுழிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. நிறுத்த நினைத்தாலும் நிற்பதில்லை. நம் விருப்பமின்றி ஏற்படும் இத்தகைய அசைவுகளுக்கு முதுமை, சில மருந்துகள், பரம்பரை நோய்கள் எனப் பல காரணங்கள் உண்டு. ஆனால் அசைவுகள் திடீரென்றோ சில நாள்களுக்குள்ளோ தொடங்கினால், கிருமித்தொற்றையும் நினைவில் கொள்ளுங்கள். அவற்றில் பலவற்றைத் தடுக்கலாம், சிலவற்றைக் குணப்படுத்தலாம். தாமதம்தான் ஆபத்து.

கிருமிகள் மூன்று வழிகளில் அசைவைப் பாதிக்கின்றன.

1. கிருமி மூளையைத் தாக்கும்போது

1999 மார்ச் மாதம், சிங்கப்பூரில் பன்றி இறைச்சிக்கூடத்தில் வேலை செய்த 11 பேருக்கு நிபா கிருமி தொற்றியது. ஒருவர் உயிரிழந்தார். மலேசியாவிலிருந்து வந்த பன்றிகளிடமிருந்து அது பரவியது. மலேசியாவில் அதே கிருமியால் மூளை அழற்சி கண்டவர்களில் பலருக்கு, சுயநினைவு குறைந்ததோடு தசைகள் வெட்டி வெட்டித் துடித்தன.

கேரளாவில் 2018ஆம் ஆண்டிலும் அதன் பிறகும் நிபா தலைகாட்டியுள்ளது. அங்கு செல்வோர் வௌவால் கடித்த பழங்களை உண்ண வேண்டாம். நோயுற்ற விலங்குகளைத் தொட வேண்டாம்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் இந்த வகையைச் சேர்ந்தது. இந்தியாவில் இது 1955ல் வேலூர் வட்டாரத்தில் முதன்முதலில் கண்டறியப்பட்டது. வயல்வெளிகளில் பெருகும் கொசுக்கள் இதைப் பரப்புகின்றன. உயிர் பிழைப்போரில் சிலருக்கு நடுக்கமும் உடல் விறைப்பும் எஞ்சிவிடுகின்றன. இதற்குத் தடுப்பூசி உண்டு. கிராமப்புறத்தில் நீண்ட நாள் தங்கப் போகிறீர்கள் என்றால், பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் கேளுங்கள்.

2. நோய் எதிர்ப்புச் சக்தி தடம் மாறும்போது

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் பிள்ளைகளுக்குத் தொண்டை வலி வரும். அக்கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்கள், அசைவைச் சீர்ப்படுத்தும் மூளைப் பகுதியையும் தவறுதலாகத் தாக்கலாம். இந்த நோய்க்கு "சிடன்ஹாம் கொரியா" என்று பெயர். 5 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளிடம், குறிப்பாகச் சிறுமிகளிடம், இது அதிகம் காணப்படுகிறது. தொண்டை வலி வந்து ஆறு மாதம் கழித்துக்கூடத் தொடங்கலாம்.

கவனிக்க வேண்டியவை:
• கையெழுத்து திடீரென்று மோசமாவது
• கரண்டி, பென்சில் போன்றவை கை நழுவி விழுவது
• முகம் சுழிப்பது, நாக்கை நீட்டி வைத்திருக்க முடியாதது
• காரணமின்றி அழுவது, எரிச்சலடைவது
• தூங்கும்போது அசைவுகள் நின்றுவிடுவது

இது குறும்பு அல்ல, கண்ணேறும் அல்ல. பிள்ளையைத் திட்டாதீர்கள். அசைவுகள் பெரும்பாலும் சில மாதங்களில் அடங்கிவிடும். ஆனால் அதே நோய் இதய வால்வுகளையும் பாதிக்கலாம். ஆகவே இதயப் பரிசோதனை கட்டாயம் தேவை. நோய் திரும்பாமல் இருக்கப் பல ஆண்டுகள் பென்சிலின் மருந்து எடுக்க வேண்டியிருக்கலாம்.

தொண்டை வலிக்கு மருத்துவர் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால், வலி போன பிறகும் சொன்ன நாள்வரை முழுமையாகக் கொடுங்கள்.

3. கிருமியின் நச்சு நரம்பைத் தாக்கும்போது

டெட்டனஸ் கிருமி மண்ணிலும் சாணத்திலும் வாழ்கிறது. ஆணி குத்திய சிறு காயம் வழியாகவும் உள்ளே நுழையும். முதலில் தாடை இறுகும். பிறகு உடல் முழுவதும் தசைகள் இழுத்துக்கொள்ளும். கட்டுமானத் தளத்திலோ தோட்டத்திலோ வேலை செய்பவரா நீங்கள்? காயத்தை உடனே சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். மருத்துவரிடம் காட்டி, கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டீர்கள் என்று சொல்லுங்கள். சிறுவயதில் போட்ட ஊசியின் பாதுகாப்பு வாழ்நாள் முழுவதும் நீடிக்காது.

உடனே 995 எண்ணை அழையுங்கள்

• காய்ச்சலுடன் குழப்பம், அளவுக்கு மீறிய தூக்கம் அல்லது வலிப்பு
• வாயைத் திறக்க முடியாமல் தாடை இறுகுவது
• மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமம்

வலிப்பு வந்தவரை ஒருபக்கமாகப் படுக்க வையுங்கள். கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் பயனில்லை. வாயில் எதையும் வைக்காதீர்கள்.

அவசரமில்லை என்றால், அன்றோ மறுநாளோ பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ செல்லுங்கள். பிள்ளைகளுக்கு அவசர உதவி தேவைப்பட்டால், லிட்டில் இந்தியாவை ஒட்டிய புக்கிட் தீமா சாலையில் உள்ள கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவு 24 மணி நேரமும் இயங்குகிறது.

மருத்துவரிடம் சொல்லுங்கள்

• அசைவு எப்போது தொடங்கியது? முடிந்தால் கைத்தொலைபேசியில் பதிவுசெய்து காட்டுங்கள்.
• கடந்த ஆறு மாதத்தில் தொண்டை வலியோ காய்ச்சலோ வந்ததா?
• அண்மையில் ஊருக்கோ வெளிநாட்டுக்கோ சென்றீர்களா?
• காயம் பட்டதா? விலங்குகளுடன் பழகினீர்களா?
• என்னென்ன மருந்துகள் எடுக்கிறீர்கள்? நாட்டு மருந்துகளையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தானாக நின்றுவிடும் என்று காத்திருக்க வேண்டாம். சீக்கிரம் காட்டினால், சிகிச்சையும் சீக்கிரம் தொடங்கும்.